பால் காய்ச்சாத தரை

தில்லைக்கூத்தன் துணை

சிதம்பரம்
21.8.2009, வெள்ளி

தம்பி அறிவழகனுக்கு அக்கா சௌந்தரம் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் ப்ரீத்தியும் சுகம். அங்கே நீயும் ஸ்ரீமதியும் சுகமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். ஐந்து வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டு வருகிறேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே. கெட்ட சேதி ஒன்றும் இல்லை. 'அவன்கூட இனிமே நீ பேசக்கூடாது' என்று உன் மாமா அன்றைக்குச் சொன்னார். நானும் பேசவில்லை. எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லையே. இது என் புத்திக்கு எட்ட இத்தனை நாள் ஆகிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள். மளிகைப் பொட்டலத் தாளைப் பிரித்துப் பிரித்துப் படித்து மீதியைக் கற்றுக்கொண்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆடித் தள்ளுபடிக்குக் குறிஞ்சிப்பாடி போயிருந்தேன். புதிதாகத் திறந்த ஜவுளிக்கடை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே பார்த்தால் ஒரே தண்ணீர். மேலே இருக்கிற விளக்கெல்லாம் கீழே நீளநீளமாக மிதக்கிறது. மாட்டியிருக்கும் சேலைகள் தலைகீழாக ஆழத்தில் தொங்குகின்றன. கழுவிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு காலை வைத்தேன். கால் நனையவில்லை. கடைக்காரர் சிரித்துவிட்டார்.

'தண்ணி இல்லமா, தரை! வர்ற பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான் தூக்கிக்கினு நிக்கிறாங்க. டைல்ஸும் இல்ல, கல்லும் இல்ல. வெறும் கான்கிரீட்டு. தேச்சுத் தேச்சே இப்படிக் கொண்டாந்துட்டாரு.'

யார் என்று கேட்டேன். 'கடலூர்க்காரரு, அறிவழகன்னு' என்றார். என் தம்பி என்பது வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, சேலை பார்க்கிற சாக்கில் அந்தத் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்திருக்க மனசே இல்லை. சேலையும் எடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டிகேட் தாண்டி நாங்கள் வாங்கிப்போட்ட மனையில் வீடு எழும்புகிறது. கூரை போட்டாகிவிட்டது. தையில் பால் காய்ச்சி, மாசியில் அந்தக் கூடத்திலேயே ப்ரீத்திக்கு நிச்சயம் வைக்க உன் மாமா முடிவு செய்திருக்கிறார். மாப்பிள்ளை நெய்வேலியில் வேலை பார்க்கிறார், நல்ல பிள்ளை. ஆனால் நிச்சயத்தில் தட்டு மாற்றும்போது பெண்ணுக்குப் பக்கத்தில் தாய்மாமன் உட்கார வேண்டும். அவளுடைய மஞ்சள் நீராட்டில் நீ கட்ட வேண்டிய பச்சை ஓலைக் குடிசையை யாரோ கட்டினார்கள். நீ போட வேண்டிய மாலையைச் சிற்றம்பலம் பெரியப்பா மகன் போட்டான். குழந்தை தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் உன் இடத்தில் வேறொருத்தர் உட்கார்ந்தால் அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உன்னை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று தெரியவில்லை. உன் தரையையாவது கொண்டுவர முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அக்கா
சௌந்தரம்


கடலூர்
30.8.2009

அக்காவுக்கு அறிவழகன் வணக்கம்.

கவரைப் பிரித்தது ஸ்ரீமதி. 'உங்க அக்கா எழுத்து புள்ளிக்கோலம் மாதிரி இருக்குது, ஒரு எழுத்து கோட்டைத் தாண்டல' என்றாள். நான் படித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அவளும் பின்னாடியே வந்து, 'அழுவுறதுன்னா கீழயே அழுவலாம், மாடியில துணி காயுது' என்றாள். நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்!

ப்ரீத்தியின் மஞ்சள் நீராட்டு அன்றைக்கு நான் ஏன் வரவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடிகாட்டுப் பக்கம் ஒரு கிடங்கு. தரை போடுவதில் அதுதான் எனக்கு முதல் வேலை. முந்தின நாள் மதியம் கொட்டியிருக்க வேண்டிய கான்கிரீட், லாரி கெட்டுப்போய் விளக்கு வைத்த பிறகு வந்தது. விடியும் முன்னே இறுகிவிடும், மட்டம் பார்த்துத் தேய்த்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மழை தூறியது. அது இறுகவே இல்லை. கான்கிரீட் முழுசாக இறுகின பிறகும் தேய்க்க முடியாது, இறுகும் முன்னும் தேய்க்க முடியாது. நடுவில் ஒரு நேரம் இருக்கிறது; அதை விட்டால் அந்தத் தரை ஆயுசுக்கும் பொடி உதிர்க்கும். முகூர்த்தம் தாண்டிய பிறகுதான் அந்த நேரம் வந்தது. சாயங்காலம் ஓடி வந்தேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 'என் வீட்டு வாசப்படியில இனிமே காலு வைக்காத' என்றார் மாமா. சிமெண்ட் தின்ற கையை வைத்துக்கொண்டு என்ன நியாயம் பேசுவது? திரும்பிவிட்டேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன். மாமா சொன்னது சொன்னதுதான். நான் படி ஏற மாட்டேன். பழனிவேல் என்று என்னிடம் ஒரு பையன், நல்ல வேலைக்காரன், அவனை அனுப்புகிறேன். நான் தெருவில் நின்று கொண்டே சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

இந்தத் தரையைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். மேலே எதையும் ஒட்டுவதில்லை, பூசுவதில்லை. நாலு அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டு, பாத்தி கட்டி ஒரு மாசம் தண்ணீர் நிறுத்த வேண்டும். அப்புறம் மெஷினில் வைரக்கல் மாட்டி முதலில் முரடு, பிறகு நைசு, அதைவிட நைசு என்று தேய்த்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு மருந்து தெளித்தால் தரை உள்ளுக்குள்ளேயே கெட்டிப்படும். பளபளப்பு அதற்குள்ளேதான் இருக்கிறது. கூடத்தின் குறுக்கே இரண்டு மெல்லிய கோடு வெட்டுவேன், குறை என்று நினைத்துவிடாதே. கான்கிரீட் என்றைக்காவது வெடிக்கத்தான் செய்யும். இங்கே வெடித்துக்கொள் என்று நாம் இடம் கொடுத்துவிட்டால் மற்ற இடத்தில் வெடிக்காது.

மாமா கிரானைட்தான் கேட்பார். பார்த்துக்கொள்.

தம்பி
அறிவழகன்


தில்லைக்கூத்தன் துணை

சிதம்பரம்
14.9.2009

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் வைத்து, சமைக்கும்போதெல்லாம் எடுத்துப் படித்தேன். இரண்டு நாள் ரசம் பொங்கி வழிந்தது. 'வேகாத கான்கிரீட்டுக்காகப் பொண்ணை விட்டுட்டியே' என்று உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. அரிசி உலையை விட்டுவிட்டு நான் எங்கே போயிருக்கிறேன்?

நீ பழனிவேலை அனுப்ப வேண்டாம். நீயே வா. இதை நான் நடராஜர் சந்நிதியில் நின்று யோசித்தேன். பால் காய்ச்சாத வரைக்கும் அது வீடு இல்லை, கட்டடம்தான். அடுப்பு மூட்டவில்லை, சாமி படம் மாட்டவில்லை. உன் மாமா வீட்டைத்தானே சொன்னார்? கட்டடத்தைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் உரக்கடையிலிருந்து வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிரானைட் வேண்டாம், நான் குறிஞ்சிப்பாடியில் ஒரு தரை பார்த்தேன், அதுதான் வேண்டும் என்றேன். இந்தக் கட்டடத்துக்கு வாங்கிய ஆணி முதற்கொண்டு நான்தான் எழுதி வைக்கிறேன் என்பதால் செலவுப் பேச்சில் என்னோடு மல்லுக்கு நிற்க மாட்டார்.

'யாரு போடறது?' என்றார்.

'கடலூர்க்காரரு.'

'கடலூர்ல எந்தக் கடலூர்க்காரரு?'

நான் குனிந்து அவர் காபி டம்ளரை எடுத்தேன். பேப்பரைத் திருப்பினார். அந்தப் பக்கம் முழுக்க விளம்பரம். அதையே வெகுநேரம் படித்தார்.

'கட்டடம்னா ஆயிரம் பேரு வருவான், போவான். ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் நான் பாத்துக்கினா இருக்க முடியும்?' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'பால் காய்ச்சற அன்னைக்கு மட்டும் வேலைக்காரன் ஒருத்தனும் உள்ள இருக்கக்கூடாது. வேலை நடக்கறப்ப நீயும் அந்தப் பக்கம் போவாத' என்றார்.

பாதிக் கதவு திறந்திருக்கிறது. மீதியை அந்தக் கூத்தன் பார்த்துக்கொள்வான். நான் வர முடியாது. ஆனால் மதியச் சாப்பாடு கேரியரில் வரும். பழனிவேல் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

அக்கா


வண்டிகேட்
8.12.2009, மதியம்

அக்கா,

கேரியரில் அடித்தட்டுக்குக் கீழே உன் சீட்டு கிடைத்தது. பதிலும் அங்கேயே. வத்தக்குழம்பு பிரமாதம். பழனிவேல், 'அண்ணே, நாம தரையை மெதுவாவே தேய்ப்போம்' என்கிறான்.

முதல் சுற்று முடிந்தது. மேல்தோல் போனதும் உள்ளே இருக்கிற கல்லெல்லாம் கண் விழித்த மாதிரி தெரிகிறது. கறுப்பு, சாம்பல், நடுநடுவே தேன் நிறத்தில் ஒன்றிரண்டு. பிச்சாவரத்தில் தண்ணீர் வற்றினதும் சேற்றில் கிளிஞ்சல் தெரியுமே, அப்படி. நான் ஒன்றும் செய்யவில்லை, திரையை விலக்குகிறேன், அவ்வளவுதான்.

நேற்று மாமா வந்தார். மணல் குவியல் மேல் நின்றுகொண்டார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரம். என்னைப் பார்க்காமல் பழனிவேலைப் பார்த்து, 'யப்பா, ஓரமெல்லாம் ஏன் மங்கலா இருக்குதுன்னு உங்க முதலாளியக் கேளு' என்றார்.

பழனிவேல் என் பக்கம் திரும்பி, 'அண்ணே, ஓரம் ஏன் மங்கலா...'

'கேட்டுச்சுடா. சுவத்தோரம் பெரிய மெஷின் போவாது, கை மெஷின் போடணும்னு சொல்லு மாமாகிட்ட.'

'கை மெஷின் போடணுமாம் மாமா.'

'எனக்கும் காது கேக்குது. என்னை மாமாங்கறதுக்கு நீ யாருடா?'

பழனிவேல் பாவம், மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். ஆள் இல்லாததால் நாங்கள் இரண்டு பேரும் பேச முடியாமல் நின்றோம். மாமா கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். தேய்த்த ஈரத்தில் என் தலைகீழ் உருவம் அப்போதே லேசாகத் தெரிந்தது. அதைத்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். இளைத்துவிட்டார் அக்கா.

தம்பி


9.12.2009

தம்பி,

மதியத்துக்குச் சாம்பார். உப்பு ஜாஸ்தியாகிவிட்டது, மோர் விட்டுச் சமாளி. உன் மாமா முந்தாநாள் அங்கிருந்து வந்ததும் கை கழுவிக்கொண்டே, 'அந்தக் கட்டடத்துல வேலை செய்யறவங்க சரியா சாப்பிடறாங்களா பாரு, ஒருத்தன் கன்னமெல்லாம் ஒட்டிக்கெடக்கறான்' என்றார். நீ அவர் இளைத்துவிட்டார் என்கிறாய், அவர் நீ இளைத்துவிட்டாய் என்கிறார். நடுவில் நான் மட்டும் ஊதிக்கொண்டு போகிறேன்.

வெந்தயக்களி வைத்திருக்கிறேன். பழனிவேலுக்கும் சேர்த்துத்தான்.

அக்கா


வண்டிகேட்
20.1.2010

அக்கா,

முடிந்தது. மெஷினை லாரியில் ஏற்றியாகிவிட்டது. எல்லாச் சுற்றும் முடித்துவிட்டுக் கடைசியாகப் பழைய வேட்டியால் துடைத்தேன். ஜன்னல் வழியாக வந்த வானம் அப்படியே கூடத்தில் இறங்கிப் படுத்துக்கொண்டது. மேகம் கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்குப் போகிறது. நான் நடந்தால் அதன் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. பழனிவேலைக் காலைத் தூக்கி வைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறான்.

ஈரத்துணியால் துடைத்தால் போதும். பினாயில் வேண்டாம், ஆசிட் கூடவே கூடாது. நாற்காலிக் காலுக்கு ரப்பர் போடு. வேறு ஒன்றும் இல்லை.

நாளை மறுநாள் நீங்கள் பால் காய்ச்சும் நேரத்தில் நான் பாடலீஸ்வரர் கோயிலில் இருப்பேன். இனி இது வீடு. நான் வர முடியாது. ப்ரீத்தி முதலில் எந்தக் காலை வைத்தாள் என்று மட்டும் எழுது.

தம்பி


தில்லைக்கூத்தன் துணை

புது வீடு, சிதம்பரம்
6.2.2010

அன்புத் தம்பிக்கு,

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. ப்ரீத்தி வலது காலைத்தான் வைத்தாள். வைத்துவிட்டு, 'அம்மா, கீழ இன்னொரு ப்ரீத்தி காலைத் தூக்குறா' என்றாள். இருபது வயசுப் பெண் பேசுகிற பேச்சா?

வந்த ஜனங்களைப் பற்றி என்ன சொல்ல. உன் மாமாவின் அத்தை பட்டம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். 'யாருடி தண்ணி கொட்டினது, தொடைங்கடி' என்று ஒரே சத்தம். தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும், 'அப்ப இது வெறும் சிமெண்டுதானா? டைல்ஸ் எப்ப ஒட்டப்போறீங்க? காசு தீந்துபோச்சா?' என்றார்கள். கூடமே சிரித்தது. நான் உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். உன் மாமா, 'ஒட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, அத்தை. இதுதான் தரை' என்றார். யார் போட்டது என்று நாலு பேர் கேட்டார்கள். 'தெரிஞ்ச ஆளு' என்று சொல்லிவிட்டு இலை போடப் போய்விட்டார். தெரிஞ்ச ஆள்! அதையே வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

குத்துவிளக்கு ஏற்றினால் ஐந்து சுடர் மேலே, ஐந்து சுடர் கீழே. கூத்தனின் படம் தரைக்குள்ளும் இருக்கிறது. அங்கே அவன் தலைகீழாக ஆடுகிறான். ஒரு மத்தியானம் அதைப் பார்த்துக்கொண்டே கண்ணசந்துவிட்டேன். கனவில் தரை வழியாக நீ மெதுவாக மேலே வருகிறாய், குளத்தில் முங்கி எழுகிற மாதிரி. வாசல் பக்கமே வரவில்லை. எழுந்து பார்த்தால் பூனை.

இனி கெட்டதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து பித்தளை விளக்கெல்லாம் புளி போட்டுத் தேய்ப்பேன். நம் வழக்கம்தானே. இரண்டாவது வாரம் துடைத்துப் பார்க்கிறேன், நான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றித் தரை செத்துக் கிடக்கிறது. வெள்ளையாக, திருநீறு பறந்த மாதிரி. தேங்காய் எண்ணெய் தடவினேன். போகவில்லை. பாயைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நிச்சயத் தட்டு வைக்கப்போகிற இடமே அதுதான். 21ஆம் தேதி ஞாயிறு. என்ன செய்வது?

அக்கா


கடலூர்
10.2.2010

அக்கா,

தப்பு என்னுடையது. பினாயிலைச் சொன்னேன், ஆசிட்டைச் சொன்னேன். புளியைச் சொல்லவில்லை. கிடங்கிலும் ஜவுளிக்கடையிலும் யார் விளக்கு தேய்க்கிறார்கள்? புளி, எலுமிச்சை, மோர் எதுவும் இந்தத் தரையில் நிற்கக்கூடாது. பளபளப்பைத் தின்றுவிடும். ஸ்ரீமதி கேட்டுவிட்டு, 'கிடங்குக்குத் தரை போட்டுப் போட்டு, வீடுன்னா என்னான்னே மறந்துபோச்சு உங்களுக்கு' என்றாள். சரிதான்.

சரி பண்ணலாம். ஆனால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். கூடம் முழுக்க நைசுக் கல்லை மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு நாள் வேலை, ஒரு சாமான் உள்ளே இருக்கக்கூடாது, சேறு தெறிக்கும். இதற்குப் பழனிவேலுக்கு இன்னும் கை வரவில்லை. எனக்குப் படி ஏற உத்தரவில்லை.

பாய் நல்ல பெரிய பாயாகப் போடு அக்கா. தட்டை அதன் மேல் வைத்துவிடலாம். நான் இல்லாத குறையையும் அதே பாய் மூடிக்கொள்ளும். இதற்காக மாமாவிடம் போய் நிற்காதே. கேட்டு வாங்கின இடத்தில் உட்கார எனக்கும் கால் வராது.

தம்பி


தில்லைக்கூத்தன் துணை

சிதம்பரம்
16.2.2010, செவ்வாய் காலை

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்து கோணும்.

நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. நேற்று உன் மாமா விழுந்து கும்பிடும்போது பாய் வழுக்கி நகர்ந்துவிட்டது. 'என்னாடி இது?' என்றார். விரலால் தேய்த்தார், வேட்டி நுனியால் தேய்த்தார். புளி என்றேன். மெஷின் ஓட்ட வேண்டும், கூடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். யாரால் முடியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளை வீட்டார் வந்து உட்காருகிற இடம் என்று மட்டும் முனகினார். காபியை ஆறவிட்டு, மறுபடி சூடு பண்ணச் சொல்லி, அதையும் ஆறவிட்டார்.

பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய் காஸ் சிலிண்டரைக் கழற்றினார். 'சாமி படத்தையெல்லாம் எடு. பாத்திரத்தை எடு. ப்ரீத்தி, உன் துணிமணிய எடு' என்றார். சாயங்காலத்துக்குள் அடுத்த தெருவில் பட்டம்மாள் அத்தை வீட்டுக்கு எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டோம். அத்தை, 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே, டைல்ஸ் ஒட்டுங்கன்னு' என்கிறார்கள்.

கடைசியாகக் கூத்தன் படத்தை நான் மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும், உன் மாமா தெருவில் நின்று வீட்டைப் பார்த்தார்.

'இப்ப இது என்னா?' என்றார்.

'வீடுதான்.'

'அடுப்பு இல்ல, சாமி இல்ல, மனுஷன் இல்ல. கட்டடம்.' என் முகத்தைப் பார்க்கவே இல்லை. 'வெள்ளிக்கிழமை காலையில மறுபடியும் பால் காய்ச்சணும். கூடத்தைத் தேய்க்கறவன் வியாழக்கிழமையே முடிச்சுட்டு, அங்கயே படுத்துக்கட்டும்.'

'பால் காய்ச்சறப்ப வேலைக்காரன் ஒருத்தனும் உள்ள இருக்கக்கூடாதுன்னு சொன்னீங்களே.'

'வேலைக்காரனைத்தான சொன்னேன்' என்றார். 'கட்டடமா இருக்கறப்பவே உள்ள இருந்தவன், அது வீடாவுறப்பவும் உள்ளயே இருக்கறான். அவன் எந்தப் படியில காலு வச்சான்? யாரும் கேக்க முடியாது. ஆனா ஒண்ணு, வெளிய போனா திரும்பி வர முடியாது. ஞாயித்துக்கிழமை தட்டு மாத்தி முடியற வரைக்கும் உள்ளயே கெடக்கணும்னு சொல்லு.'

'நான் எப்படிங்க சொல்றது? பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே.'

'எழுதறதுதான எழுதற. காலையில எழுதிக் குடு. நம்ம உர லாரி பத்து மணிக்குக் கடலூர் போவுது, டிரைவர் கையிலயே குடுத்தனுப்பறேன்.'

லாரி வாசலில் நிற்கிறது. இதை எடுத்துக்கொண்டு வருகிறவரின் பெயர் தேவநாதன். நீ மெஷினோடு அதே லாரியில் ஏறி வந்துவிடலாம். ஞாயிறு வரைக்கும் இருக்க வேண்டும், மாற்றுத்துணி எடுத்துக்கொள். தாய்மாமன் கட்டுகிற பட்டு வேட்டி உன்னிடம் இல்லை என்றால் ஸ்ரீமதி வாங்கிவரட்டும். அவள் ஞாயிறு காலை நேராக வாசல் வழியாகவே வரலாம், அவளுக்கு ஒரு தடையும் இல்லை.

ப்ரீத்தியிடம் சொன்னேன். போய்த் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள்.

உன் மாமா பக்கத்திலேயே நின்று, 'இன்னும் எவ்ளோ நேரம் எழுதுவ' என்கிறார். நீ இன்னும் காபிதானா, டீக்கு மாறிவிட்டாயா என்று கேட்கச் சொல்கிறார். பதில் எழுத வேண்டாம். வந்து அவரிடமே சொல்.

அக்கா
சௌந்தரம்